மழையும் அறுவடையும்: சோள வட்டாரத்திலிருந்து ஒரு பாடம்

விடியுமுன் எழுந்து, வாசலில் நின்று, வானத்தை அண்ணாந்து பார்ப்பது பால்வெட்டுத் தொழிலாளரின் அன்றாட வழக்கமாகும். இரவில் மழை பெய்திருந்தால் மரப்பட்டை நனைந்திருக்கும். நனைந்த மரத்தில் உளியை வைத்தால் பால் வெட்டுக்கோட்டை விட்டு வழிந்து பட்டையெங்கும் பரவி வீணாகும், நோயும் பற்றக்கூடும். காத்திருந்தால் வெயில் ஏறி, பால் வடிவது குறைந்துவிடும். வெட்டுவதா, காத்திருப்பதா என்னும் இந்த ஒரு கேள்வியில் அன்றைய கூலியே அடங்கியிருக்கிறது.

இதே கேள்வியோடு வானத்தைப் பார்த்து நிற்கும் மக்கள் உலகின் மறுபக்கத்திலும் உள்ளனர். அவர்கள் அமெரிக்காவின் நடுமேற்குப் பகுதியில் சோளமும் சோயா அவரையும் பயிரிடும் விவசாயிகள். அவர்களுடைய இலையுதிர்கால அறுவடை எவ்வாறு நடைபெறுகிறது, வானிலை அதனை எவ்வாறு ஆக்கவும் அழிக்கவும் செய்கிறது, அதனால் நமக்கு என்ன என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

சோள வட்டாரம்

அமெரிக்காவின் நடுப்பகுதியில் ஐயோவா, இல்லினாய், இந்தியானா, நெப்ராஸ்கா, மின்னசோட்டா முதலிய மாநிலங்கள் பரந்து கிடக்கின்றன. இவை அடங்கிய நிலப்பரப்பைச் சோள வட்டாரம் என்று அழைப்பர். இவற்றுள் அதிகமாகச் சோளம் விளைவிப்பது ஐயோவா மாநிலமாகும். அதன் பரப்பு ஏறத்தாழ 1,45,000 சதுர கிலோமீட்டர்; அதாவது நமது தீபகற்ப மலேசியாவைவிடச் சற்றே பெரியது. ஆயினும் அங்கு வாழும் மக்கள் சுமார் 32 இலட்சம் பேர் மட்டுமே. கண்ணுக்கெட்டிய தூரம் வரை வயல்களே தென்படும்.

அங்கு ஆண்டுக்கு ஒரு விளைச்சல்தான். ஏப்ரல் பிற்பகுதியிலும் மே மாதத்திலும் விதைப்பர். ஜூலையில் சோளக் கதிர் பட்டிழை விடும். செப்டம்பரில் முற்றும். செப்டம்பர் நடுவிலிருந்து நவம்பர் நடுப்பகுதி வரை அறுவடை நடைபெறும். அதன்பின் நிலம் பனியில் உறைந்துவிடும். ரப்பர் மரமோ இலையுதிரும் சில வாரங்கள் நீங்கலாக ஆண்டு முழுவதும் பால் தருகிறது. இன்று மழையில் இழந்ததை ஓரளவேனும் மறுவாரம் ஈடு செய்யலாம். சோள விவசாயிக்கு அந்த வாய்ப்பு இல்லை. ஓராண்டு உழைப்பையும், விதைக்கும் உரத்திற்கும் பட்ட கடனையும் அவர் சுமார் 8 வாரங்களில் மீட்டாக வேண்டும்.

முற்றியது வேறு, காய்ந்தது வேறு

கதிர் முற்றிவிட்டால் அறுத்துவிட வேண்டியதுதானே என்று நாம் எண்ணலாம். அது அவ்வளவு எளிதன்று. சோளமணியின் அடிப்பகுதியில் கரிய மெல்லிய படலம் ஒன்று தோன்றும்போது மணி முற்றிவிட்டது என்று பொருள். செடியிலிருந்து மணிக்குச் செல்லும் உணவு அத்துடன் நின்றுவிடும். ஆனால் அந்த வேளையில் மணியின் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நீராகவே இருக்கும். அதை அப்படியே குவித்து வைத்தால் சூடேறிப் பூஞ்சணம் பிடித்துக் கெட்டுப்போகும். மாதக்கணக்கில் சேமித்து வைக்க வேண்டுமாயின் ஈரப்பதம் 15 விழுக்காடு அளவிற்கு இறங்கியாக வேண்டும். சோயா அவரைக்கு அந்த அளவு 13 விழுக்காடாகும்.

முற்றிய மணியை வெயிலும் காற்றும் வயலிலேயே உலர்த்துகின்றன. செப்டம்பரின் வெப்பமான நாட்களில் சோளத்தின் ஈரம் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 விழுக்காடு குறையும். அக்டோபர் பிற்பகுதியில் அதில் பாதி அளவிற்குக்கூடக் குறையாது. நவம்பர் பிறந்துவிட்டால் வயலில் உலர்வது ஏறக்குறைய நின்றே போகும். ஆகவே விதைப்பு 3 வாரம் தாமதமானால் முற்றுவதும் தாமதமாகி, பயிர் குளிரில் அகப்பட்டுக் கொள்ளும். வசந்தகால மழையின் விளைவு இலையுதிர்காலத்தில் வந்து நிற்பது இதனால்தான்.

உறைபனியும் அவ்வாறே காலத்தைப் பொறுத்தது. வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே சுமார் 2 டிகிரி செல்சியஸ் இறங்கிச் சில மணி நேரம் நீடித்தால் சோளச்செடி மடிந்துவிடும். கதிர் முற்றிய பின்னர் அப்பனி பெய்தால் பெரிய கேடில்லை. முற்றுவதற்கு முன்னர் பெய்தால் மணி நிறையாமல் சுருங்கி, எடை குன்றிப் போகும்.

நீருக்கு விலை இல்லை

பால் எடை பார்க்கும் இடத்தில் நடப்பதை நாம் அறிவோம். வாளியில் உள்ள பாலின் எடை மட்டும் கணக்காகாது. அதில் உலர்ந்த ரப்பர் எவ்வளவு என்று மெட்ரோலாக் கருவி கொண்டோ, மாதிரி எடுத்து உலர்த்தியோ பார்ப்பர். 30 கிலோ பாலில் 35 விழுக்காடு ரப்பர் இருந்தால் கணக்கில் ஏறுவது பத்தரைக் கிலோதான். மங்கில் மழைநீர் கலந்திருந்தால் பால் கூடியது போலத் தோன்றும், கணக்கு கூடாது.

சோள விவசாயிக்கும் இதே நியாயம்தான். அவர் லாரியில் தானியத்தை ஏற்றிக் களஞ்சியத்திற்குக் கொண்டு சென்றதும், முதலில் மாதிரி எடுத்து ஈரப்பதம் பார்ப்பர். ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 25 விழுக்காடு ஈரமுள்ள சோளம் 1,000 கிலோ இருக்கிறது. அதில் 250 கிலோ நீர். 750 கிலோதான் உலர்ந்த பொருள். அதனை 15 விழுக்காட்டிற்கு உலர்த்தினால் எஞ்சுவது சுமார் 882 கிலோ. 118 கிலோ நீர் ஆவியாகிவிடும். அந்த நீருக்கு விலை கிடைக்காதது மட்டுமன்றி, அதனை ஆவியாக்குவதற்கு எரிவாயுச் செலவும் விவசாயியின் தலையில் விழும்.

அளவுக்கு மீறி உலர்ந்தாலும் நட்டமே. 13 விழுக்காடு ஈரத்தில் 1,000 கிலோ எடையுள்ள சோயா அவரை, 9 விழுக்காட்டிற்குக் காய்ந்துவிட்டால் 956 கிலோவாகக் குறையும். அதிகம் காய்ந்ததற்காக விலையைக் கூட்டிக் கொடுப்பாரில்லை. மேலும், மிகவும் காய்ந்த நெற்று இயந்திரம் தொட்டவுடன் வெடித்து அவரையைத் தரையில் சிந்திவிடும். ஒரு சதுர அடி நிலத்தில் 4 அவரை மணிகள் சிந்திக் கிடந்தால், ஏக்கருக்கு ஒரு புஷல், அதாவது சுமார் 27 கிலோ, நட்டமாகிவிட்டது என்பது அங்கு விவசாயிகள் கைக்கொள்ளும் கணக்காகும். இயந்திரம் கடந்து சென்ற பின்னர் இறங்கி, தரையில் சிந்திய மணிகளை எண்ணிப் பார்ப்பவரே நல்ல விவசாயி எனப் போற்றப்படுகிறார். ஒட்டுப்பாலையும் சிந்தாமல் சேர்க்கும் நம் தொழிலாளருக்கு இது புதிதன்று.

வேலை நேரத்தில் மட்டும் ஒரு வேறுபாடு உண்டு. குளிர்ந்த விடியற்காலையில்தான் பால் நன்கு வடியும் என்பதால் நாம் கதிரவனை முந்திக்கொண்டு வேலையைத் தொடங்குகிறோம். சோயா அவரை அறுப்பவரோ கதிரவனுக்காகக் காத்திருக்கிறார். இரவுப் பனியில் நனைந்த நெற்று தோல்போல் இழுபடும், எளிதில் வெடிக்காது. முற்பகலில் ஈரம் உலர்ந்த பின்னரே இயந்திரம் வயலில் இறங்கும். அன்று தொடங்கிய வேலை, மறுநாள் மழை என்று அறிந்தால், விளக்கு வெளிச்சத்தில் நள்ளிரவு வரைகூட நீளும்.

வெட்டுவதா, காத்திருப்பதா?

இப்போது அந்த விவசாயியின் இக்கட்டு நமக்கு விளங்கும். காத்திருந்தால் வெயில் செலவின்றி உலர்த்தித் தரும். ஆனால் காத்திருக்கும் ஒவ்வொரு நாளும் தண்டு அழுகிச் சாயலாம். காற்றில் கதிர் உதிரலாம். மழை வந்து வயல் சேறாகலாம். சேற்றில் கனத்த இயந்திரம் புதையும். மண் இறுகி அடுத்த ஆண்டுப் பயிரும் கெடும். ஈரத்தோடு அறுத்தாலோ எரிவாயுச் செலவு வருவாயை உண்டுவிடும்.

அவசரத்தில் ஈரத்தோடு சேமிக்கப்படும் தானியத்தால் உயிருக்கே ஆபத்து நேர்வதும் உண்டு. உயர்ந்த இரும்புக் களஞ்சியத்தினுள் கெட்டுப்போன தானியம் கட்டிகட்டியாக இறுகி, கீழே வழியாமல் நிற்கும். அக்கட்டியை உடைப்பதற்கு உள்ளே இறங்குபவர், தானியம் திடீரெனச் சரியும்போது புதையுண்டு மூச்சுத் திணறி இறக்க நேரிடுகிறது. இத்தகைய விபத்துகள் அங்கு ஆண்டுதோறும் நிகழ்கின்றன. மழைக்காலத்து ஈரம், பல மாதங்கள் கழித்து ஒரு குடும்பத்தின் உழைப்பாளியைக் கொண்டு செல்வது எத்துணைத் துயரமானது!

2019ஆம் ஆண்டு கற்பித்தது

இவையனைத்தும் ஒருங்கே நிகழ்ந்த ஆண்டு 2019 ஆகும். அவ்வாண்டின் வசந்தகாலத்தில் மழை விடவேயில்லை. மே 26ஆம் நாளுக்குள் வழக்கமாகச் சோள நிலத்தில் 90 விழுக்காடு விதைக்கப்பட்டிருக்கும். அவ்வாண்டிலோ 58 விழுக்காடே விதைக்கப்பட்டிருந்தது. பல இலட்சம் ஏக்கர் நிலத்தில் விதைக்கவே இயலவில்லை.

தாமதமாக விதைத்த பயிர் தாமதமாகவே முற்றியது. அக்டோபர் இரண்டாம் வாரத்தில் வடக்கு டக்கோட்டா மாநிலத்தில் கடும் பனிப்புயல் வீசியது. நவம்பர் 17ஆம் நாளன்று நாடு முழுவதும் 76 விழுக்காடு சோளமே அறுவடையாகியிருந்தது. அதற்கு முந்திய 5 ஆண்டுகளின் சராசரி 92 விழுக்காடாகும். வடக்கு டக்கோட்டாவில் 23 விழுக்காடுதான் முடிந்திருந்தது. அங்குப் பெரும்பகுதிச் சோளம் பனிக்காலம் முழுவதும் வயலிலேயே நின்று, 2020ஆம் ஆண்டின் வசந்தத்தில்தான் அறுக்கப்பட்டது.

அறுத்தவர்களுக்கும் நிம்மதியில்லை. ஈரமான தானியத்தை எல்லாரும் ஒரே வேளையில் உலர்த்த முற்பட்டதால் எரிவாயு போதவில்லை. வீடுகளைச் சூடேற்றுவதற்கும் அதே எரிவாயுதான் தேவைப்பட்டது. எரிவாயு லாரிகள் நிரப்பும் நிலையங்களில் பல மணி நேரம் வரிசையில் நின்றன. ஐயோவா முதலிய மாநிலங்களில் லாரி ஓட்டுநர்களுக்கான வேலை நேர வரம்பைத் தற்காலிகமாகத் தளர்த்த வேண்டியதாயிற்று.

அடுத்த ஆண்டில் இடர் வேறு வடிவில் வந்தது. 2020 ஆகஸ்டு 10ஆம் நாள் ஐயோவாவைக் குறுக்காகக் கடந்த பெருங்காற்று, சீடார் ராப்பிட்ஸ் நகர்ப்பகுதியில் மணிக்குச் சுமார் 225 கிலோமீட்டர் வேகத்தில் வீசியதாக மதிப்பிடப்பட்டது. முற்றுவதற்கு முன்னரே சோளச்செடிகள் பாய்விரித்தாற்போல் படுத்துவிட்டன. அறுவடை வேளையில் சாய்ந்த செடிகளை நிமிர்த்தி அறுக்க இயன்ற இடத்தில் அறுத்தனர். இயலாத இடத்தில் உழுது மண்ணில் புதைத்தனர்.

திங்கட்கிழமை அறிக்கை

இத்தனை விவரங்களும் நமக்கு எவ்வாறு தெரிகின்றன? அமெரிக்க விவசாய இலாகா ஏப்ரல் முதல் நவம்பர் வரை வாரந்தோறும் பயிர் முன்னேற்ற அறிக்கை ஒன்றை வெளியிடுகிறது. வயல்களை நாள்தோறும் காணும் வாய்ப்புடைய விவசாய அலுவலர்களும் பிறருமாக மூவாயிரத்திற்கும் மேற்பட்டோர், தத்தம் வட்டாரத்தில் ஞாயிற்றுக்கிழமை வரை நடந்ததை மதிப்பிட்டு அனுப்புகின்றனர். திங்கட்கிழமை மாலையில் அறிக்கை வெளியாகிறது. விவசாயிக்கும், வணிகருக்கும், வெளிநாட்டாருக்கும் ஒரே நேரத்தில் அது கிடைக்கிறது.

அறிக்கையைப் படிக்கும் முறையையும் தெரிந்துகொள்வோம். அறுவடை 76 விழுக்காடு என்றால், விளைச்சலின் எடையில் 76 விழுக்காடு என்று பொருளன்று. அறுக்க வேண்டிய நிலப்பரப்பில் அத்தனை பங்கு முடிந்துவிட்டது என்பதே பொருள். அதனருகில் சென்ற ஆண்டின் எண்ணும், 5 ஆண்டுச் சராசரியும் தரப்படும். தனி எண் எதையும் உணர்த்தாது. ஒப்பிட்டால்தான் உண்மை விளங்கும். பயிரின் நிலை மிக மோசம், மோசம், நடுத்தரம், நன்று, மிக நன்று என 5 வகையாகப் பிரிக்கப்படுகிறது. இது கண்ணால் கண்ட மதிப்பீடு. நிறுத்துப் பார்த்த கணக்கன்று. மாநில அறிக்கைகளில் அந்த வாரத்தின் 7 நாட்களில் வயல்வேலைக்கு ஏற்றவை எத்தனை என்பதும் இடம்பெறும். மாதத்தில் எத்தனை நாள் பால் வெட்ட முடிந்தது என்று நாம் எண்ணிப் பார்ப்பதற்கு இது ஒப்பாகும்.

இவ்வறிக்கையின் அருமை அது நின்றபோதுதான் நன்கு புலப்பட்டது. 2025ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் தொடங்கி, நிதி ஒதுக்கீடு நிறைவேறாத காரணத்தால் அமெரிக்க மத்திய அரசின் பல அலுவலகங்கள் 43 நாட்கள் மூடப்பட்டிருந்தன. அறுவடை மும்முரமாக நடந்த அவ்வாரங்களில் அறிக்கை வெளிவரவில்லை. அறுவடை நின்றுவிடவில்லை; ஆனால் அது எங்கு எவ்வளவு நடக்கிறது என்பதை எல்லாருக்கும் பொதுவாகச் சொல்வாரில்லை. பெரிய நிறுவனங்கள் தம் ஆட்களைக் கொண்டு விவரம் திரட்ட முடியும். சிறு விவசாயிக்கு அந்த வசதி ஏது? பொதுவான கணக்கு எளியவருக்கு எத்துணைப் பெரிய துணை என்பதை இதனால் அறியலாம்.

வெயிலும் பகையாகலாம்

மழையில்லாத இலையுதிர்காலம் அறுவடைக்கு நன்று என்போம். ஆயினும் அதிலும் ஒரு சிக்கல் உண்டு. சோள வட்டாரத்தின் தானியம் கடலை அடைவதற்குரிய முக்கிய வழி மிசிசிப்பி ஆறாகும். ஒரு தட்டைப் படகு சுமார் 1,500 டன் தானியத்தைச் சுமக்கும். அத்தகைய படகுகள் பலவற்றை ஒன்றாகப் பிணைத்து, ஓர் இயந்திரக் கப்பல் தள்ளிச் செல்லும்.

2022ஆம் ஆண்டின் இலையுதிர்காலம் வறண்டது. வயல்வேலை விரைவாக நடந்தது. ஆனால் ஆற்றில் நீர் வற்றியது. அக்டோபர் 21ஆம் நாள் மெம்பிஸ் நகரில் நீர்மட்டம் 1988ஆம் ஆண்டின் பதிவையும்விடத் தாழ்ந்தது. படகுகள் மணலில் தட்டி நின்றன. சுமையைக் குறைத்து ஏற்ற வேண்டியதாயிற்று. படகுக் கூலி பன்மடங்கு உயர்ந்தது. 2023 அக்டோபரில் நீர்மட்டம் அதனினும் தாழ்ந்தது. தானியம் விளைந்தும், காய்ந்தும், அறுத்தும், கொண்டு செல்ல வழியில்லாமல் காத்துக் கிடந்தது. பயிரை விளைவிக்கும் மழை வேறு; ஆற்றை நிறைக்கும் மழை வேறு. இரண்டும் அதனதன் காலத்தில் பெய்தாக வேண்டும்.

நம் சமையலறை வரை

தொலைவிலுள்ள அந்த வயலுக்கும் நமது லயத்து அடுப்பிற்கும் தொடர்பு உண்டா? உண்டு. நமது நாட்டுப் பண்ணைகளில் வளரும் கறிக்கோழியின் தீவனத்தில் பெரும்பங்கு வகிப்பவை சோளமும் சோயாப் பிண்ணாக்குமே. தீவனச் சோளம் ஏறக்குறைய முழுவதும் இறக்குமதியாகிறது. அதில் பெரும்பகுதி அர்ஜென்டினா, பிரேசில் ஆகிய நாடுகளிலிருந்து வருகிறது. சோயா அவரை அமெரிக்காவிலிருந்தும் வருகிறது. நாம் உண்ணும் தவ்ஃபுவும் தெம்பேயும் அந்த அவரையால் ஆனவையே. எந்த நாட்டுச் சோளமாயினும், அதன் விலை பெரும்பாலும் அமெரிக்காவின் சிக்காகோ சந்தையை ஒட்டியே அமைகிறது. அங்கு மழை தவறினால் இங்கு விலை ஏறும்.

2012ஆம் ஆண்டில் சோள வட்டாரத்தைக் கடும் வறட்சி தாக்கியது. சராசரி விளைச்சல் ஏக்கருக்கு 147 புஷலிலிருந்து 123 புஷலாகச் சரிந்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் ஒரு புஷல் சோளம் 8 டாலருக்கும் மேல் விற்றது. 2022ஆம் ஆண்டில் தீவன விலை ஏற்றத்தால் நம் நாட்டிலேயே கோழிக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டு, ஜூன் முதல் நாளிலிருந்து, மாதந்தோறும் வெளிநாடு சென்ற சுமார் 36 இலட்சம் கோழிகளின் ஏற்றுமதி தற்காலிகமாக நிறுத்தப்பட்டது நினைவிருக்கலாம். அதற்கு உக்ரேன் போரும் ஒரு காரணம். உக்ரேனும் உலகிற்குச் சோளம் தரும் நாடே. கறிக்கடையில் விலை கேட்டு மனம் கலங்கும் தாய்மார்கள், அவ்விலையின் ஒரு பகுதி எங்கோ ஒரு வயலின் ஈரத்திலும், எங்கோ ஓர் ஆற்றின் வறட்சியிலும் தீர்மானிக்கப்படுகிறது என்பதை அறிந்திருப்பது நலம்.

நினைவிற் கொள்ள வேண்டியவை

ஒன்று: பயிர் முற்றுவதோடு அறுவடை முடிவதில்லை. உலர்த்துவதும், சேமிப்பதும், கொண்டு செல்வதும் சேர்ந்ததே அறுவடை.

இரண்டு: பாலாயினும் தானியமாயினும் விலை பெறுவது உலர்ந்த பொருளே. ஆகவே ஈரத்தை அளக்கும் முறையை உழைப்பவரும் அறிந்திருக்க வேண்டும். அளவு அறிந்தவரே தம் கணக்கைத் தாமே சரிபார்க்க இயலும்.

மூன்று: ஓர் எண்ணைக் கேட்டவுடன் மகிழவோ மருளவோ வேண்டியதில்லை. அது எதன் எண், எந்த நாளின் எண், எதனோடு ஒப்பிட்டது என்று கேட்கப் பழக வேண்டும்.

வானத்தை மாற்றும் வல்லமை ஐயோவா விவசாயிக்கும் இல்லை, நமக்கும் இல்லை. மழை பெய்த நாளையும் பெய்யாத நாளையும் குறித்து வைப்பது நம் கையில் உள்ளது. பள்ளி செல்லும் பிள்ளை இருக்கும் வீட்டில் ஒரு பழைய நாட்காட்டி போதும். இன்று மழை, இன்று வெட்டு இல்லை, இன்று இத்தனை கிலோ, இத்தனை விழுக்காடு என்று அப்பிள்ளையைக் கொண்டே நாள்தோறும் எழுதச் செய்யுங்கள். ஆண்டு முடிவில் அது உங்கள் நிரையின் அறிக்கையாக அமையும். எந்த மாதத்தில் வருவாய் குறையும், எந்த மாதத்தில் சிக்கனமாக இருக்க வேண்டும் என்பதை வேறெவரும் சொல்லத் தேவையில்லை. உங்கள் கணக்கே சொல்லும்.